எண்ணுக்கு முன் கேள்வி: மூளை முடக்குவாதக் குழந்தைகளின் தசை இறுக்கத்தைப் பரிசோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தெரபி பிரிவு காலை ஏழரைக்குத் திறக்கும். வரிசையில் நிற்கும் தாய்மாரில் பலர் நாலு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். குழந்தையை முதுகில் துண்டால் கட்டிக்கொண்டு, இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வந்திருப்பார்கள். குழந்தையை என் பாயில் கிடத்தும்போது மணி பத்தாகியிருக்கும். பசி, தூக்கக் கலக்கம், புது முகத்தைக் கண்ட பயம் எல்லாம் அதன் உடம்பில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, தாளில் இறுக்கத்துக்கு '3' என்று மதிப்பெண் எழுதினால் அந்த எண்ணுக்குள் தசை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் அப்படி எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஐந்து வயதுப் பையனை அவனுடைய ஆயா, அதாவது பாட்டி, தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு தொடையும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டிருந்தன. உள்தொடைத் தசைக்கு இருபுறமும் 3 என்று போட்டு, தசையைச் சில மாதம் தளர்த்தும் போட்டுலினம் ஊசிக்குப் பரிந்துரை எழுதினேன். ஊசி போட்டு ஆறு வாரம் கழித்து வந்தபோது கால் பின்னல் அப்படியே இருந்தது. உட்காருவது மட்டும் இன்னும் தள்ளாடியது. "தூங்கும்போது பஞ்சு மாதிரி கெடப்பாம்மா. யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் முறுக்கிக்குவான்" என்றார் ஆயா. ஊசிக்கு முன்பே அதைச் சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். நான் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு முதன்மையாக இருந்தது ஸ்பாஸ்டிசிட்டி அல்ல, டிஸ்டோனியா.

இறுக்கம் எவ்வளவு என்று அளக்கும் முன், அது எந்த வகை இறுக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றுக்காகத்தான். குழந்தைகளோடு வேலை செய்யத் தொடங்கும் தமிழ் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கும் எழுதுகிறேன். பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரும் படிக்கலாம். அவர்களுக்கு வேண்டியது முதல் இரண்டு படிகளில் நிறைய இருக்கிறது.

சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

குழந்தை தானாக எதுவும் செய்யாமல் இருக்கும்போது அதன் கை காலை நாம் அசைத்தால் தெரியும் எதிர்ப்புதான் டோன். வீட்டில் 'விறைப்பு' என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் நான்கு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

வேகமாக இழுத்தால் கூடுவது, மெதுவாக இழுத்தால் குறைவது ஸ்பாஸ்டிசிட்டி. ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் கொடுத்த வரையறையின் உயிர்நாடி இந்த 'வேகம்'தான். மூளை முடக்குவாதக் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இந்த வகைதான் முன்னால் நிற்கும்.

டிஸ்டோனியா இழுக்கும் வேகத்தைப் பார்த்து வருவதில்லை. குழந்தை ஒன்றைச் செய்ய நினைக்கும்போதும், பேசும்போதும், அழும்போதும், மகிழும்போதும் கூட உடம்பு தன் விருப்பமில்லாமல் முறுக்கிக்கொள்ளும். நேரத்துக்கு நேரம் மாறும். தூக்கத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கான்ட்ராக்சர் என்பது தசையும் தசைநாணும் குட்டையாகிவிட்ட நிலை. மெதுவாக இழுத்தாலும் அங்கேயே நிற்கும், தூங்கினாலும் அங்கேயே நிற்கும். நான்காவது ரிஜிடிட்டி: எந்தத் திசையில், எந்த வேகத்தில் அசைத்தாலும் ஈயக் குழாயை வளைப்பது போல ஒரே எதிர்ப்பு. மூளை முடக்குவாதத்தில் இது அரிது. நன்றாகத் தெரிந்தால் வேறு நோயைத் தேடச் சொல்லுங்கள்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் தளர்ச்சி. அது குழந்தையின் நடுவுடலிலும், இறுக்கம் கை கால்களிலுமாக ஒரே குழந்தையிடம் இருப்பது வெகு சாதாரணம்.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. முதுகுத்தண்டுக்குள் போகும் உணர்வு நரம்பு வேர்களில் சிலவற்றைத் தேர்ந்து வெட்டி ஸ்பாஸ்டிசிட்டியைக் குறைக்கும் ரைசாட்டமி அறுவையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வார்விக் பீக்காக். 1980களின் தொடக்கத்தில் கேப்டவுனின் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையில் அதைச் செய்தார். இருபது ஆண்டு கழித்தும் அந்தப் பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து எழுதிய ஆய்வுகளும் கேப்டவுனிலிருந்தே வந்தன. ஸ்பாஸ்டிசிட்டி மட்டும் உள்ள, காலில் ஓரளவு பலமும் உள்ள குழந்தைக்கு அது நல்ல பலன் தரும். டிஸ்டோனியா மேலோங்கிய குழந்தைக்குச் செய்தால் முறுக்கல் அப்படியே இருக்கும். வெட்டிய வேரை மறுபடி ஒட்டவும் முடியாது. அறுவை மருத்துவர் நம்புவது நம் தாளைத்தான்.

முதல் படி: தொடும் முன் கேளுங்கள்

பத்து நிமிடமாவது இதற்குக் கொடுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று இதைக் குறைத்தால், பின்னால் செய்வது அத்தனையும் வீணாகப் போகலாம்.

கேள்வியை மருத்துவச் சொல்லில் கேட்காதீர்கள். "விறைப்பு இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்று மட்டும்தான் பதில் வரும். வீட்டு வேலையை வைத்துக் கேளுங்கள். "நாப்பி மாத்தும்போது காலை விரிக்க ஒரு கை போதுமா, ரெண்டு கை வேணுமா?" "சட்டைக் கையில முதல்ல எந்தக் கையை விடுவீங்க?" இறுகிய கையைத்தான் எல்லா அம்மாவும் முதலில் நுழைப்பார்கள். அவர்களுக்கே தெரியாமல் கைக்குப் பழகியிருக்கும்.

நம் வீடுகளில் இன்னும் இரண்டு நல்ல கேள்விகள் உண்டு. ஒன்று, இடுப்பில் வைப்பது. "ஆயா, இவனை இடுப்புல வெச்சா ரெண்டு காலும் உங்களைச் சுத்திப் பிடிக்குதா, இல்ல முன்னால நீட்டிக்கிட்டு நழுவுறானா?" ஜூலு தாய்மாரிடம் இதையே முதுகில் கட்டுவதை வைத்துக் கேட்பேன். தொடை விரியாத குழந்தையை முதுகில் கட்ட முடியாது. "இப்போதெல்லாம் கையில்தான் தூக்கி வருகிறேன்" என்று ஒரு தாய் சொன்னால் உள்தொடைத் தசையைப் பற்றியும் இடுப்பு மூட்டைப் பற்றியும் அவர் பாதி சொல்லிவிட்டார். இரண்டாவது, எண்ணெய்க் குளியல். காலை நீட்டி அதன்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிய பாட்டியின் கைக்குத் தெரிந்த அளவு என் கைக்குத் தெரியாது. வெந்நீர் ஊற்றும்போது இளகுகிறதா, எத்தனை நேரம் இளகியிருக்கிறது, தலையைத் திருப்பினால் ஒரு பக்கம் விறைக்கிறதா என்று கேளுங்கள். (உருவிவிடுவதைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் நடக்காத குழந்தைகளின் எலும்பு மெலிந்திருக்கும். முழங்காலுக்குச் சற்று மேலே எளிதில் முறியும். பலமாக இழுத்து உருவ வேண்டாம் என்று மட்டும் அன்பாகச் சொல்லுங்கள்.)

பிறகு தூக்கம். ஆழ்ந்து தூங்கும்போது கால் எப்படி இருக்கிறது? பஞ்சு போல இளகினால் டிஸ்டோனியாவை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலும் குதிகால் தரைக்கு வராது என்றால் கான்ட்ராக்சர் இருக்கலாம். ஸ்பாஸ்டிசிட்டி இரண்டுக்கும் நடுவில்: குறையும், முழுதும் போகாது.

காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு உண்டா என்பதை ஒருபோதும் விடாதீர்கள். காலையில் எழுந்தவுடன் நன்றாக நடந்து, சாயங்காலம் ஆக ஆகக் கால் முறுக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு டோபாவுக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியா இருக்கலாம். 'ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா' (இரண்டு காலிலும் மேலோங்கிய ஸ்பாஸ்டிசிட்டி) என்ற பெயரோடு பல ஆண்டுகள் சுற்றும் குழந்தைகள் அவர்களில் உண்டு. குறைந்த அளவு லெவோடோபா மாத்திரையில் ஓடி விளையாடத் தொடங்குவார்கள். அந்த ஒரு குழந்தைக்காகவே இந்தக் கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்கலாம்.

டோனை அன்றைக்கு மட்டும் ஏற்றிவிடும் காரணங்களையும் கேட்டு எழுதுங்கள்: காய்ச்சல், மலச்சிக்கல், பல் வலி, நெஞ்செரிச்சல், நிறைந்த சிறுநீர்ப்பை, காலைக் கடிக்கும் ஸ்பிளிண்ட், நேற்றிரவு வந்த வலிப்பு. தலையில் ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தைக்கு டோன் திடீரென்று ஏறினால் பரிசோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்து சாப்பிடும் குழந்தையென்றால் கடைசியாகக் கொடுத்த நேரம் வேண்டும். கொடுக்க மறந்த நாள் என்றால் அதையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு தாயும் கையில் கொண்டுவரும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, அப்கார் எண் (பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குப் போடும் மதிப்பெண்), தலைச் சுற்றளவு எல்லாம் அதில் இருக்கும். பிறந்தபோது கடுமையான மஞ்சள் காமாலை வந்ததா என்று தனியாகக் கேளுங்கள். அப்படி வந்த குழந்தைக்கு டிஸ்டோனியாவும் காது கேளாமையும் சேர்ந்து வரக்கூடும். இந்த நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவையும் பார்க்காமல் விடக்கூடாது. சிகிச்சை பெறாத குழந்தையின் மூளையை அந்தக் கிருமி தாக்கும்போது இரண்டு காலும் விறைத்து, பார்க்க டைப்ளீஜியா போலவே இருக்கும். அதற்கு மருந்து இருக்கிறது.

இன்னொன்று, நம் சமூகத்துக்குள் கேட்கவேண்டியது. மாமன் மகள், அத்தை மகன் கட்டும் வழக்கம் உள்ள குடும்பமா? பிரசவத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, ஆனால் அண்ணனுக்கும் இதே போல இருக்கிறது. அல்லது முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை. இவற்றில் எது இருந்தாலும் மரபணு நோயா என்று பார்க்க அனுப்புங்கள். கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி துளியும் வரக்கூடாது. அந்தத் தாய் ஏற்கனவே ஊராரிடம் போதுமான அளவு கேட்டிருப்பார்.

இரண்டாம் படி: கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

குழந்தை தாய் மடியிலேயே இருக்கட்டும். ஒரு பொம்மையை எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வையுங்கள். கை நீளும்போது வாய் கோணுகிறதா, மற்றக் கை பின்னால் முறுக்குகிறதா, கால் கட்டைவிரல் மேலே நிமிர்கிறதா? டிஸ்டோனியாவின் முதல் அடையாளம் பெரும்பாலும் இங்கேதான் தெரியும், பாயில் அல்ல.

ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டும் குழந்தையை "இடக்கைப் பழக்கம்" என்று வீட்டில் கொண்டாடுவார்கள். அந்த வயதில் கைப்பழக்கம் வந்திருக்கக்கூடாது. மற்றக் கையைக் கவனமாகப் பாருங்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கலாம்.

நடக்கும் பிள்ளையென்றால் காலணியைக் கழற்றி நடக்கவிடுங்கள், பிறகு வேகமாக நடக்கச் சொல்லுங்கள். மெதுவாக நடக்கும்போது தெரியாத முன்கால் நடை (குதிகால் தரையில் படாத நடை), ஓடும்போது வெளியே வந்துவிடும். வீட்டில் எடுத்த காணொளி இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் பரிசோதனை அறையில் நான் பார்ப்பதைவிட, ஆயாவின் தொலைபேசியில் இருக்கும் நாற்பது நொடிக்கு மதிப்பு அதிகம் என்று பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

மூன்றாம் படி: கிடத்தும் விதம்

மல்லாந்து, தலை நடுவில், முகம் கூரையைப் பார்த்து. தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கை நீளும், எதிர்ப்பக்கக் கை மடங்கும்; அந்த அனிச்சை போகாத குழந்தைகள் நிறையப் பேர். தாயைத் தலைமாட்டில் நேராக உட்காரவைத்துவிட்டால் குழந்தையின் தலை தானாக நடுவுக்கு வரும். தாய் பக்கவாட்டில் நின்றால் உங்கள் அளவு கெட்டது.

அறை வெதுவெதுப்பாக, உங்கள் உள்ளங்கை சூடாக இருக்கட்டும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் நான் கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். நாப்பியைத் தவிர மற்ற துணியைக் கழற்றுங்கள். அடுத்த முறையும் இதே நிலை, இதே வரிசை, முடிந்தால் இதே நேரம், இதே ஆள்.

நான்காம் படி: மெதுவாக

ஒரு கை மூட்டுக்கு மேலே பிடிக்க, மறு கை கீழே அசைக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. கொண்டுபோகும்போது குழந்தையோடு பேசிக்கொண்டே போங்கள். இனி நகராது என்ற இடத்தில் நின்று, கோணமானியை (கோனியோமீட்டர்) வைத்துக் கோணத்தை எழுதுங்கள். இறுக்கத்தை வெவ்வேறு வேகத்தில் அளக்கும் டார்டியூ முறையில் இந்த மெதுவான வேகத்துக்கு வி1 என்றும், இப்படிக் கிடைக்கும் முழு வீச்சுக்கு ஆர்2 என்றும் பெயர்.

கணுக்காலை இரண்டு முறை பார்க்க வேண்டும்: முழங்கால் நீட்டியபடி ஒரு முறை, மடக்கியபடி ஒரு முறை. மடக்கினால் பாதம் நன்றாக மேலே வருகிறது, நீட்டினால் வரவில்லை என்றால் குட்டையானது கெண்டைக்காலின் மேல்தசை. இரண்டிலும் வரவில்லை என்றால் அடித்தசையும் சேர்ந்திருக்கிறது. குதிகாலைக் கையில் நிறைத்துப் பிடித்து, பாதத்தைச் சற்று உள்பக்கம் திருப்பிப் பூட்டிக்கொண்டு மேலே கொண்டுவாருங்கள். அப்படிப் பூட்டாவிட்டால் நடுப்பாதம் வளைந்து, வராத கோணத்தை வந்தது போலக் காட்டும். புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் திருத்தும் பிழை இதுதான்.

தொடையின் பின்தசைக்கு, இடுப்பை 90 பாகை மடக்கி முழங்காலை நீட்டுங்கள். மற்றக் கால் பாயில் நேராகக் கிடக்கட்டும். முழுதாக நீள எத்தனை பாகை மீதி என்பதைக் குறிக்கிறோம். பள்ளி வயதுக் குழந்தைக்கு 50 பாகைக்கு மேல் மீதி நின்றால் அது இயல்பல்ல. உள்தொடைக்கு முழங்கால் மடக்கியும் நீட்டியும் இரண்டு அளவு. இடுப்பின் முன்தசைக்கு தாமஸ் சோதனை, தொடையின் முன்தசைக்குக் குப்புறப் போட்டு டங்கன் எலி சோதனை. கையில் முழங்கை, முன்கையைத் திருப்புவது, மணிக்கட்டு, கட்டைவிரல் ஆகிய நான்கும் போதும்.

ஐந்தாம் படி: வேகமாக

இதே அசைவை முடிந்த அளவு வேகமாக. இதற்கு வி3 என்று பெயர். (கை கால் தன் எடையில் விழும் வேகம் வி2, குழந்தைகளிடம் நான் அதை அபூர்வமாகத்தான் பயன்படுத்துகிறேன்.) கையில் 'டக்' என்று ஒரு பிடிப்பு விழும். அந்த இடத்தின் கோணம் ஆர்1. பிறகு மெதுவாக அதே இடத்துக்குத் திரும்பிப் போய்க் கோணமானியை வையுங்கள்.

ஒவ்வொரு தசைக்கும் இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் வேண்டாம். திரும்பத் திரும்ப இழுத்தால் தசை இளகி, பிடிப்பு மங்கிவிடும். எலும்பு முறிந்து ஆறிவரும் குழந்தை, புதிதாக அறுவை முடிந்த குழந்தை, இடுப்பு நழுவி வலிக்கும் குழந்தை ஆகியோரிடம் இந்த வேக இழுப்பே கூடாது. "குபுஹ்லுங்கு?" என்று ஜூலுவில் கேட்பேன், வலிக்கிறதா என்று. தமிழ்ப் பிள்ளையிடம் "வலிக்குதா கண்ணு?" பதில் சொல்ல முடியாத குழந்தையின் புருவம் பதில் சொல்லும்.

இழுக்கும்போது கையில் படும் தன்மையையும் டார்டியூ எண்ணால் குறிக்க வேண்டும். எதிர்ப்பே இல்லை என்றால் 0. எங்கே என்று சொல்ல முடியாத லேசான எதிர்ப்பு 1. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தெளிவாகப் பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தால் 2. கணுக்கால் துடித்து, பத்து நொடிக்குள் ஓய்ந்துவிட்டால் 3. ஓயாமல் அதற்கு மேலும் துடித்தால் 4. மூட்டே அசையாவிட்டால் 5.

பிரான்சில் டார்டியூ 1950களில் தொடங்கிய முறை இது. குழந்தைகளுக்கு ஏற்ப 1999இல் பாய்டும் கிரஹாமும் திருத்தினார்கள். இதன் பெருமை எண்ணில் இல்லை, ஆர்2க்கும் ஆர்1க்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. இரண்டு குழந்தைகளை வைத்துச் சொல்கிறேன். இருவரும் முன்காலில் நடக்கிறார்கள். முதல் குழந்தையின் கணுக்கால், முழங்கால் நீட்டியபடி, மெதுவாகக் கொண்டுபோனால் நடுக்கோட்டுக்கு (பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்கும் நிலை) மேல் 10 பாகை வருகிறது; வேகமாக இழுத்தால் நடுக்கோட்டுக்குக் கீழே 15 பாகையிலேயே பிடிக்கிறது. இடைவெளி 25 பாகை. தசை நீளமாகத்தான் இருக்கிறது, அனிச்சை விடவில்லை. போட்டுலினம் ஊசி, பேக்லோஃபென் என்று பேச இடமிருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு மெதுவாகப் போனாலே நடுக்கோட்டுக்குக் கீழே 10 பாகையில் நின்றுவிடுகிறது. வேகமாக இழுத்தால் 15இல் பிடிக்கிறது. இடைவெளி வெறும் 5. தசை குட்டையாகிவிட்டது. இங்கே ஊசி மட்டும் போட்டால் பணமும் வலியும்தான் மிச்சம். மாவுக்கட்டைப் படிப்படியாக மாற்றி நீட்டுவதா, அறுவையா என்று யோசிக்க வேண்டும்.

திருத்திய ஆஷ்வொர்த் அளவு இந்த இருவரையும் பிரித்துக் காட்டாது. ஒரே வேகத்தில், ஏறக்குறைய ஒரு நொடியில் மூட்டை அசைத்துப் போடும் மதிப்பெண் அது. 0 என்றால் கூடுதல் இல்லை. 1 என்றால் லேசான பிடிப்பு அல்லது கடைசியில் சிறிய எதிர்ப்பு. 1+ என்றால் பிடித்த பிறகு மீதிப் பாதையிலும், பாதிக்கும் குறைவான தூரத்துக்கு, லேசான எதிர்ப்பு. 2 பாதை நெடுகத் தெளிவான எதிர்ப்பு, ஆனாலும் எளிதில் அசையும். 3 அசைப்பதே கடினம். 4 அசையவே அசையாது. ஆஷ்வொர்த் 1964இல் இதை மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகளுக்காக எழுதினார். 1+ஐ 1987இல் பொஹானனும் ஸ்மித்தும் சேர்த்தார்கள். ஒரே குழந்தைக்கு இரண்டு தெரபிஸ்டுகள் இரண்டு மதிப்பெண் போடுவது சர்வசாதாரணம். பல மருத்துவமனைகள் இன்னும் இதைத்தான் கேட்கின்றன, ஆகவே எழுதிக் கொடுங்கள். தனியாக மட்டும் எழுதாதீர்கள்.

ஆறாம் படி: டிஸ்டோனியாவைத் தேடிப் போங்கள்

அது தானாக வந்து கதவைத் தட்டாது. காலை மட்டும் இழுத்துப் பார்க்கும் பரிசோதனையில் டிஸ்டோனியா ஸ்பாஸ்டிசிட்டியின் வேடத்தில் இருக்கும். அதைக் கிளப்பிவிட்டுப் பார்க்க வேண்டும். கனடாவில் உருவாகி 2010இல் வெளிவந்த ஹைப்பர்டோனியா அசெஸ்மென்ட் டூல் இதைத்தான் முறைப்படுத்தியிருக்கிறது. 4 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு. கருவி எதுவும் வேண்டாம், சில நிமிடம் போதும்.

எந்தக் காலைச் சோதிக்கிறீர்களோ அதைப் பார்த்துக்கொண்டே, உடம்பின் வேறு இடத்தை, ஒரு கையையோ தோளையோ, மெல்லத் தேய்த்துவிடுங்கள். பார்க்கும் கால் தானாக முறுக்கினால் அல்லது விரல்கள் விரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மற்றக் கையை மூடித் திறக்கச் சொல்லுங்கள், கண்ணை இறுக மூடித் திறக்கச் சொல்லுங்கள், ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். சாட்ஸ்வொர்த் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கில எண்தான் தெரியும். தமிழில் எண்ணச் சொன்னால் ஆயாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றமும் சிரிப்பும் டிஸ்டோனியாவை வெளியே கொண்டுவர உதவும் என்பதால் நான் தமிழில்தான் கேட்பேன். மூன்றாவதாக, நீங்கள் காலைக் கையில் ஏந்தி இளக்கமாக அசைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றக் கையை அசைக்கச் சொல்லுங்கள். ஏந்திய காலில் இறுக்கம் திடீரென்று ஏறினால் அது டிஸ்டோனியாவின் கைவரிசை.

அசைத்த காலை ஓர் இடத்தில் விட்டுப் பாருங்கள். பழைய முறுக்குக்கே மெல்லத் திரும்பிப் போனால் டிஸ்டோனியா. விட்ட இடத்திலேயே நின்றால் ரிஜிடிட்டியை யோசிக்க வேண்டும்.

பெரும்பாலும் ஒரு குழந்தையிடம் இரண்டும் கலந்தே இருக்கும். 'கலப்பு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். "கணுக்காலில் ஸ்பாஸ்டிசிட்டி முதன்மை, உள்தொடையிலும் வலக்கையிலும் டிஸ்டோனியா முதன்மை" என்று மூட்டு மூட்டாக எழுதுங்கள். நான் தவறவிட்ட அந்தப் பையனுக்கு அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

தளர்ந்த குழந்தை

கைக்குழந்தைகளுக்கு மேலே சொன்ன அளவுகள் உதவாது. இரண்டு கையையும் பிடித்து மெல்ல உட்காரவைக்கும்போது தலை எவ்வளவு பின்தங்குகிறது. வயிற்றுக்கு அடியில் உள்ளங்கை கொடுத்துத் தூக்கினால் ஈரத் துணி போலத் தொங்குகிறதா. அக்குளில் பிடித்து நிறுத்தினால் கைக்குள் நழுவுகிறதா. மல்லாந்தால் தவளை போலக் கால் விரிந்து கிடக்கிறதா. இவற்றை ஒழுங்காக மதிப்பிட 2 மாதம் முதல் 24 மாதம் வரை ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை இருக்கிறது: 26 அம்சம், மொத்தம் 78 மதிப்பெண். வலம் இடம் வேறுபாட்டையும் அதில் தனியாகக் குறிக்கலாம்.

மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகள் முதல் சில மாதம் தளர்ந்தே இருந்து, பிறகுதான் இறுகுவார்கள். "மூணு மாசத்துல நல்லா இளக்கமாத்தானே இருந்தான்" என்று அம்மா சொல்வது உண்மைதான். யாரும் எதையும் கெடுத்துவிடவில்லை என்பதை அவருக்குச் சொல்லுங்கள். நிரந்தரமாகத் தளர்ந்தே இருக்கும் குழந்தையிடம் முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பாருங்கள். துள்ளினால் கோளாறு பெரும்பாலும் மூளையில். அனிச்சையே இல்லை, கால் பலமற்றுக் கிடக்கிறது, ஆனால் கண்ணும் முகமும் சுறுசுறுப்பாக இருக்கிறது, நாக்கில் புழு நெளிவது போலத் துடிப்பு இருக்கிறது என்றால் அது முதுகுத்தண்டு நரம்புத் தசை நலிவாக (ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி) இருக்கலாம். அன்றே அனுப்புங்கள். அடுத்த மாத சந்திப்புக்குக் காத்திருக்கக்கூடாது.

இடுப்பை மறக்காதீர்கள்

"இறுக்கம் இல்லை, அதனால் இடுப்பு நழுவாது" என்று நினைப்பது தவறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் குழந்தைகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், ஜி.எம்.எஃப்.சி.எஸ். (குழந்தையின் இயக்கத் திறனை ஐந்து நிலையாகப் பிரிக்கும் அளவு) முதல் நிலையிலிருந்த, தடையின்றி நடக்கும் குழந்தைகளில் ஒருவருக்கும் இடுப்பு நழுவவில்லை. ஐந்தாம் நிலையிலிருந்த, தலையைக்கூடத் தாங்க முடியாத குழந்தைகளில் 90 சதவீதத்தினருக்கு நழுவியிருந்தது. முடிவு செய்தது டோனின் வகை அல்ல, இயக்கத்தின் நிலை. ஆகவே தளர்ந்த குழந்தைக்கும் எக்ஸ்ரே கேளுங்கள். தொடை எலும்பின் தலை குழிக்கு வெளியே 30 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தொடை விரியும் கோணம் முன்பைவிடக் குறைந்து வந்தாலும் அப்படியே.

எழுதுவது, சொல்வது

எண்ணை எழுதும் முன் குழந்தையின் நிலையை எழுதுங்கள். என் தாளில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "காலை 10.15. விழிப்பு, அமைதி, இரண்டு முறை அழுகை. பேக்லோஃபென் காலை 6 மணிக்கு. மலம் கழித்து மூன்று நாள். மல்லாந்து, தலை நடுவில். வலக் கணுக்கால், முழங்கால் நீட்டி: ஆர்2 நடுக்கோட்டுக்கு மேல் 5, ஆர்1 நடுக்கோட்டுக்குக் கீழ் 15, தன்மை 3, துடிப்பு 6 நொடி. எண்ணும்போது வலக்கை முறுக்கல். ஆயா சொன்னது: தூக்கத்தில் கை முழுதும் இளகும், பாதம் இளகாது." மூன்று நாள் மலச்சிக்கல் என்ற சொல் இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரும் முன்னேற்றத்தை என் சிகிச்சையின் வெற்றி என்று நான் எண்ணிக்கொள்ளக்கூடும். கோணத்தில் 10 பாகைக்குள் உள்ள மாற்றத்தை நான் மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. கையும் கோணமானியும் அவ்வளவு பிசகும்.

அந்த இறுக்கத்தால் குழந்தைக்கு என்ன லாபம் என்ற கேள்வியையும் பதிவில் சேருங்கள். முழங்கால் விறைப்பை ஊன்றியே சில பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், தாய் ஒற்றை ஆளாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக முடிகிறது. அதைக் குறைத்தால் கீழே இருக்கும் பலவீனம் வெளியே வந்து, நின்ற பிள்ளை உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட இறுக்கத்தை எண்ணைப் பார்த்துத் தொடக்கூடாது.

எழுதியதைக் குடும்பத்துக்கு அவர்கள் மொழியில் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அம்மாவுக்கு ஆங்கிலம், ஆயாவுக்குத் தமிழ் என்று ஒரே குடும்பத்துக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது முறை சொல்லும்போது "இல்லம்மா, சாயங்காலம் அப்படி இல்ல" என்று ஆயா குறுக்கிடுவார். பேனாவை மூடாமல் வைத்திருங்கள். போகும்போது அவரிடம் மூன்று காணொளி கேட்டு அனுப்புங்கள்: நாப்பி மாற்றும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, நள்ளிரவில் தூங்கும்போது காலை மெல்லத் தூக்கி ஒன்று. அடுத்த சந்திப்பில் குழந்தையைப் பாயில் கிடத்தும் முன் அவற்றைப் பாருங்கள்.